பிரஷ் ஸ்கிரிப்ட் எழுத்துரு: தேர்வு செய்வதிலிருந்து அச்சுக்கு அனுப்புவது வரை முழு வழிகாட்டி

ஒரு பிரஷ் ஸ்கிரிப்ட் ஃபாண்டை இறக்கி, இரண்டு வார்த்தை தட்டி, கலரை மாற்றி அப்படியே போஸ்டரில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் வேலையே அதற்கப்புறம்தான் இருக்கிறது. மற்ற எழுத்துருக்கள் எழுத்துருவாகவே தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் பிரஷ் ஸ்கிரிப்ட்டின் பிழைப்பே 'இதை யாரோ தூரிகையால் சட்டென்று எழுதியிருக்கிறார்கள்' என்று பார்ப்பவரை நம்பவைப்பதில்தான் இருக்கிறது, அந்த நம்பிக்கை ஒரே ஓர் எழுத்தில் உடைந்தாலும் முழு டிசைனும் மலிவாகத் தெரிய ஆரம்பித்துவிடும். கீழே வருகிற படிகள் எல்லாம் அந்த ஒரு காரியத்துக்குத்தான்.

கடைசி வரைக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: ஆங்கிலத்தில் 'குட் மார்னிங்'. எல்லோருக்கும் ஸ்பெல்லிங் தெரிந்த வாசகம். அதில் ஓ மூன்று முறை வருகிறது, என் இரண்டு முறை, கடைசியில் கீழே தொங்கும் ஜி. பிரஷ் ஸ்கிரிப்ட்டில் வரக்கூடிய தொல்லைகளில் முக்கால்வாசி இந்த இரண்டு வார்த்தைக்குள்ளேயே மாட்டும்.

முதலில் வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கடையில் எல்லாமே 'பிரஷ்' என்ற ஒரே பெயரில்தான் கிடைக்கும். பார்க்க வேண்டியது இரண்டு. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடுகின்றனவா, தனித்தனியாக நிற்கின்றனவா? விளிம்பு மழமழவென்று இருக்கிறதா, அல்லது மை காய்ந்த தூரிகை இழுத்த மாதிரி கீறல் கீறலாக இருக்கிறதா? ஒட்டி ஓடுவதில் வேகமும் நெருக்கமும் தெரியும், ஆனால் வேலை அதிகம். தனித்து நிற்பது தூரத்திலிருந்து நன்றாகப் படிக்கும், வேலையும் குறைவு. கீறல் விளிம்பு பெரிய அளவில் அழகு, சிறிய அளவில் அழுக்கு.

இந்த ஒட்டும் சமாச்சாரம் ஏன் இவ்வளவு சிக்கல் என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1942-ல் ராபர்ட் ஈ. ஸ்மித் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' ஈய எழுத்தாக வந்தது. ஈயத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு தனிக் கட்டை. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வரும் என்று வார்ப்பவருக்குத் தெரியாது, ஆகவே எல்லா எழுத்துகளின் இணைப்புக் கோடும் கட்டையின் ஓரத்தில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து சேர வேண்டும். 1953-ல் ரோஜர் எக்ஸ்கோஃபோன், ஃபோண்டரி ஒலிவ் நிறுவனத்துக்காகத் தன் கையெழுத்தையே அடிப்படையாக வைத்து 'மிஸ்ட்ரல்' வரைந்தார். அதே கட்டைக் கட்டுப்பாட்டுக்குள் எழுத்துகள் அவ்வளவு இயல்பாக ஓடுவதைப் பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியம்தான். பீட்டர் டாம்ப்ரெசியனின் 'டாம் கேஷுவல்' (1951) இந்த வம்பே வேண்டாம் என்று எழுத்துகளைப் பிரித்தே வைத்தது, சைன்போர்டு எழுதுபவர்களின் நிதானமான கை அதில் அப்படியே இருக்கும்.

கம்ப்யூட்டரில் கட்டை இல்லை. 1996-ல் மைக்ரோசாஃப்டும் அடோபியும் அறிவித்த ஓபன்டைப் வடிவத்தில் ஒரே எழுத்துக்குப் பல உருவங்களை வைத்து, பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொல்ல முடிகிறது. பாப்லோ இம்பல்லாரியின் 'லாப்ஸ்டர்' (2010) இதைத்தான் செய்தது: எல்லா எழுத்தும் எல்லாவற்றோடும் சேர வேண்டும் என்பதற்காக வடிவத்தைக் கெடுக்காமல், இணைகளுக்கென்று தனித்தனியாக வரைந்து வைத்தது. அது நல்ல எழுத்துரு, கண்ட இடத்திலெல்லாம் போட்டு அலுக்கவைத்தது நாம்தான். 2011-ல் வந்த வெர்னன் ஆடம்ஸின் 'பசிஃபிகோ'வுக்கும் அதே கதி. இரண்டும் இலவசம் என்பதால் உங்கள் டிசைன் தனித்துத் தெரிய வேண்டுமென்றால் அவற்றை அப்படியே போடாதீர்கள்.

வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

விற்பனைப் பக்கத்தில் இருக்கும் படத்தை நம்பவே கூடாது. அங்கே டிசைனர் தனக்கு வசதியான வார்த்தைகளைத்தான் போட்டிருப்பார். தட்டிப் பார்க்கும் பெட்டி பெரும்பாலும் இருக்கும், அதில் உங்கள் வாசகத்தைப் போடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஓவுக்குப் பிறகு ஆர். சிறிய எழுத்துகளில் ஓ, பி, வி, டபிள்யூ நான்கும் மேலே முடியும், மற்றவை பெரும்பாலும் கீழே, பேஸ்லைனில் (எழுத்துகள் உட்காரும் கற்பனைக் கோட்டில்) முடியும். மேலே முடிகிற எழுத்துக்குப் பின்னால் ஆர் அல்லது எஸ் வந்தால் அந்த இணைப்பு எங்கே போய் ஒட்டும் என்பதுதான் எழுத்துருவை வரைந்தவரின் திறமைக்குப் பரீட்சை. 'மார்னிங்' என்ற வார்த்தையின் இரண்டாவது, மூன்றாவது எழுத்தே அதுதான். மோசமான எழுத்துருவில் ஓவின் வால் ஆரின் நடு வயிற்றில் இடிக்கும், அல்லது ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த இடைவெளி இருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் 'குட்' வார்த்தையில் இருக்கும் இரட்டை ஓ. இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தால் அந்த எழுத்துருவில் மாற்று உருவங்கள் இல்லை, அல்லது இன்னும் இயக்கப்படவில்லை. கீறல் விளிம்பு எழுத்துருவில் இது இன்னும் அசிங்கமாகக் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் மூன்று ஓவிலும் அதே இடத்தில், அதே சாய்வில், அதே மூன்று கீறல். கையால் எழுதுகிற யாருக்கும் அப்படி வராது.

எண்கள், ஆச்சரியக்குறி, அப்போஸ்ட்ரஃபி, அட் குறி எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விலையோ தேதியோ வரும் வேலையாக இருந்தால், எண்களைச் சரியாக வரையாத எழுத்துரு உங்களைக் கடைசி நேரத்தில் கைவிடும்.

உரிமம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்காதீர்கள். 'பர்சனல் யூஸ்' என்று போட்டிருந்தால் வியாபார வேலைக்கு ஆகாது, லோகோவுக்குக் கண்டிப்பாக ஆகாது. கம்ப்யூட்டரில் பயன்படுத்த, இணையதளத்தில் போட, செயலிக்குள் பொதிய என்று உரிமங்கள் பெரும்பாலும் தனித்தனி. எஸ்ஐஎல் ஓபன் ஃபாண்ட் உரிமத்தில் வருவதை வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், மாற்றியும் கொள்ளலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

நிறுவுதல், தட்டுதல், இயக்குதல்

ஓடிஎஃப், டிடிஎஃப் இரண்டு கோப்பும் ஒரே பொட்டலத்தில் வந்தால் ஒன்றை மட்டும் நிறுவுங்கள், இரண்டையும் போட்டால் எழுத்துருப் பட்டியலில் குழப்பம் வரும். டிசைன் மென்பொருளுக்கு நான் ஓடிஎஃப்தான் எடுப்பேன்.

இப்போது 'குட் மார்னிங்' தட்டுங்கள். முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து, மீதி சிறியது. முழுவதும் பெரிய எழுத்தில் தட்டவே வேண்டாம். ஒட்டும் ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு பெரிய எழுத்தும் ஒரு வார்த்தையைத் தொடங்குவதற்காக வரையப்பட்டது, அவற்றை வரிசையாக நிறுத்தினால் ஆளாளுக்குக் கையை வீசிக்கொண்டு நிற்கும், எதுவும் எதோடும் சேராது. பெரிய எழுத்துக்காகவே வரைந்த பிரஷ் எழுத்துருக்கள் வேறு, அவற்றுக்கு இது பொருந்தாது.

அடுத்து ஓபன்டைப் வசதிகள். இல்லஸ்ட்ரேட்டரில் விண்டோ மெனுவில் டைப் என்பதற்குள் ஓபன்டைப் பேனல் இருக்கும், அதில் லிகேச்சர் (பக்கத்து எழுத்துகளைச் சேர்த்து ஒரே உருவமாக வரைந்தது), கான்டெக்ச்சுவல் ஆல்டர்நேட்ஸ் (பக்கத்து எழுத்தைப் பார்த்து மாறும் உருவங்கள்) இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் எழுத்து உரையாடல் பெட்டியின் ஃபீச்சர்ஸ் தாவலில் இதே வசதிகள். வேர்டில்கூட உண்டு, ஃபாண்ட் பெட்டியின் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போக வேண்டும், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இயக்கியதும் சில எழுத்துகள் தாமாகவே உருமாறும், இரட்டை ஓவில் ஒன்று கொஞ்சம் சிறுக்கலாம், 'என்' எழுத்து ஒன்றின் தோள் சற்று இறங்கலாம்.

உங்கள் மென்பொருளில் இந்த வசதி இல்லையென்றால், எழுத்துரு விவரத்தில் 'பியுஏ என்கோடட்' (மாற்று உருவங்களுக்கும் தனிக் குறியீட்டு எண் கொடுத்திருக்கிறது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விண்டோஸின் கேரக்டர் மேப், மேக்கின் ஃபாண்ட் புக் வழியாக அந்த மாற்று எழுத்தை நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

எழுத்து எழுத்தாக உட்காருங்கள்

இதுதான் அதிக நேரம் கேட்கும் படி, இதைச் செய்தால்தான் மற்றதற்கெல்லாம் பலன். மென்பொருள் தானாக மாற்றியதோடு நிறுத்தாதீர்கள். கிளிஃப்ஸ் பேனலைத் திறந்து, ஓவைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு எத்தனை உருவங்கள் இருக்கின்றன என்று காட்டும்.

'குட்' வார்த்தையின் இரண்டு ஓவுக்கும் வெவ்வேறு உருவம் கொடுங்கள், இரண்டில் பெரியதை முதலில் வையுங்கள், கை வேகம் பிடிக்கும்போது இரண்டாவது எழுத்து இயல்பாகவே கொஞ்சம் சுருங்கும். 'மார்னிங்' வார்த்தையின் ஓவுக்கு மூன்றாவது உருவம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முதல் ஓவையே திரும்பப் போடலாம், இரண்டும் தள்ளித் தள்ளி இருப்பதால் கண் பிடிக்காது. இரண்டு என்னுக்கும் நடுவில் ஒரே ஓர் ஐதான் இருக்கிறது, அங்கே கண் கட்டாயம் பிடிக்கும், ஆகவே அவற்றை வேறுபடுத்தியே ஆக வேண்டும். மாற்று உருவம் இல்லையா? எழுத்தை வடிவமாக மாற்றிய பிறகு இரண்டாவது என்னின் கடைசிக் காலை ஒரு சிறு இழுப்பு இழுத்துவிடுங்கள், போதும்.

வால்களுக்கு வருவோம். ஸ்வாஷ், அதாவது அலங்கார வால் உள்ள எழுத்துகளைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் வால் வைக்கத் தோன்றும். ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பேன். கடைசி ஜியின் வாலை இடப்பக்கமாக இழுத்து வார்த்தைக்கு அடிக்கோடாக ஓடவிடலாம், அப்படிச் செய்தால் முதல் பெரிய ஜியையாவது அடக்கமாக வையுங்கள். அந்த வால் நடுவில் தடித்து முனையில் மெலிகிறதா என்றும் கவனியுங்கள், தூரிகை தாளிலிருந்து மேலெழும்போது கோடு மெலிந்துதான் ஆக வேண்டும். ஒரே தடிமனில் ஓடும் வால், தனியாகக் கொண்டுவந்து ஒட்டியது என்று கத்திச் சொல்லும்.

இடைவெளி, சாய்வு

ஒட்டும் ஸ்கிரிப்ட்டில் டிராக்கிங் (எல்லா எழுத்துகளுக்கும் பொதுவாகக் கூட்டிக் குறைக்கும் இடைவெளி) பூஜ்யம். கூட்டினால் இணைப்புகள் அறுந்துபோகும், குறைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி முடிச்சு விழும். இல்லஸ்ட்ரேட்டரில் கெர்னிங்கை (இரண்டிரண்டு எழுத்துக்கு நடுவில் உள்ள இடைவெளியை) 'ஆப்டிகல்' என்று வைத்திருந்தால் 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள், ஏனென்றால் ஆப்டிகல் என்பது எழுத்துருவை வரைந்தவர் கணக்குப் போட்டு வைத்த இடைவெளியைத் தூக்கியெறிந்துவிட்டு, எழுத்தின் வடிவத்தைப் பார்த்துத் தானாக ஓர் இடைவெளி வைக்கும், இணைப்பெல்லாம் விலகிவிடும். தனித்து நிற்கும் வகைக்கு இந்தப் பயம் இல்லை, கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

வார்த்தைகளுக்கு நடுவில் வரும் இடைவெளி பல எழுத்துருக்களில் தேவைக்கு மேல் அகலமாக இருக்கும். அதைக் குறைத்துப் பாருங்கள், அல்லது 'குட்' மேலேயும் 'மார்னிங்' கீழேயும் வைத்து, டியின் காலும் எம்மின் தலையும் ஒன்றுக்கொன்று வழிவிடுகிற மாதிரி நெருக்குங்கள். இரண்டு வரி பிரஷ் ஸ்கிரிப்ட்டை இடப்பக்கம் ஒழுங்காக அணைத்து வைத்தால் உயிர் போய்விடும், கீழ்வரியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்கள்.

வாசகம் முழுவதையும் 5 டிகிரி வரை மேல்நோக்கித் திருப்பினால் உற்சாகம் கூடும். திருப்புவது வேறு, ஷியர் செய்து சாய்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்யவே செய்யாதீர்கள், ஏற்கெனவே சாய்ந்திருக்கும் எழுத்தை மேலும் சாய்த்தால் தடித்த கோடும் மெல்லிய கோடும் இடம் மாறி, தூரிகை பிடித்த கோணமே பொய்யாகிவிடும். செயற்கையாகப் போடும் போல்டும் இட்டாலிக்கும் அப்படித்தான்.

வடிவமாக்கி ஒன்றாக்குங்கள்

எல்லாம் திருப்தியானதும் ஒரு நகல் எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதை வடிவமாக்குங்கள்: இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. இங்க்ஸ்கேப்பில் பாத் மெனுவின் ஆப்ஜெக்ட் டு பாத். இப்போது எழுத்துகள் தனித்தனி வடிவங்களாக, இணைப்பு இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். இந்த நிலையில் வெளிக்கோடு போட்டால் ஒவ்வோர் இணைப்பிலும் உள்ளே ஒரு கோடு வெட்டிக்கொண்டு ஓடும். பாத்ஃபைண்டரில் யுனைட் (இங்க்ஸ்கேப்பில் யூனியன்) கொடுத்து ஒன்றாக்கிய பிறகுதான் வெளிக்கோடு. அதையும் ஸ்ட்ரோக்காகப் போடாமல் ஆஃப்செட் பாத் (வடிவத்தைச் சுற்றிலும் சற்று விரித்துத் தரும் வசதி) வழியாகப் பின்னால் ஒரு வடிவமாக வையுங்கள், எழுத்தின் தடிமன் கெடாது.

கீறல் விளிம்பு எழுத்துருவில் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் வரும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு இதைக் கொடுத்தால் வெட்டி முடிவதற்குள் துணுக்குகள் பிய்ந்துவிடும். வெட்டும் வேலைக்கும் எம்ப்ராய்டரிக்கும் மழமழ விளிம்புள்ள, மெல்லிய கோடுகள் இல்லாத எழுத்துருதான் சரி.

யாரோடு ஜோடி சேர்ப்பது

ஒரு டிசைனில் ஒரு பிரஷ் ஸ்கிரிப்ட் போதும். பக்கத்தில் அமைதியான சான்ஸ் செரிஃப் (கோட்டு முனையில் சிறு கொம்புகள் இல்லாத எழுத்துரு) ஒன்று, முடிந்தால் பெரிய எழுத்தில், நன்றாக இடைவெளி விட்டு. 'மான்செராட்', 'ஃபியூச்சுரா' மாதிரி வட்டமும் நேர்கோடுமாக இருப்பவை நன்றாக அடங்கிப் போகும். இன்னொரு கையெழுத்து எழுத்துருவைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

அளவில் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுத்துகளின் சிறிய எழுத்து உடம்பு பெரும்பாலும் குட்டையாக இருக்கும், அதனால் ஒரே 24 புள்ளி அளவு வைத்தாலும் ஸ்கிரிப்ட் சிறியதாகத் தெரியும். எண்ணைப் பார்க்காமல் கண்ணால் அளவு வையுங்கள், தயக்கமாக இருந்தால் இன்னும் பெரிதாக்குங்கள்.

எங்கே போடலாம், எங்கே கூடாது

லோகோ, போஸ்டர் தலைப்பு, பொட்டலத்தின் முகப்பு, டி-ஷர்ட், புத்தக அட்டை, வீடியோ முகப்புப் படம், வாழ்த்து அட்டை. இவற்றில் இரண்டிலிருந்து ஐந்து வார்த்தை வரை தாராளம். லோகோவில் ஒரு எச்சரிக்கை: அதே எழுத்துருவை நாளைக்கு இன்னொருவர் வாங்கி இன்னொரு லோகோ செய்வார், அதை நீங்கள் தடுக்க முடியாது. அதனால் குறைந்தது இரண்டு மூன்று எழுத்துகளையாவது கையால் மாற்றி வரையுங்கள்.

முகவரி, தொலைபேசி எண், பட்டன், படிவம், எச்சரிக்கை வாசகம், ஒரு பத்தி உரை, இவை எதற்கும் வேண்டாம். துக்கம், சட்டம், மருத்துவம் சம்பந்தமான இடங்களில் இந்த எழுத்தின் கலகலப்பே தப்பாகப் படும். புகைப்படத்தின் மேல் வைப்பதென்றால் படத்தில் அமைதியான இடமாகப் பார்த்து வையுங்கள். நிழல், கிரேடியன்ட், வெளிக்கோடு மூன்றையும் சேர்த்துப் போட்டுத்தான் எழுத்தைக் காப்பாற்ற முடியும் என்றால் இடம் தப்பு என்று அர்த்தம். இணைய அணுகல் விதிகள் பெரிய எழுத்துக்கு 3:1 ஒளி வேறுபாடு போதும் என்கின்றன, மெல்லிய கோடுள்ள ஸ்கிரிப்ட்டுக்கு நான் சாதாரண எழுத்துக்கான 4.5:1-ஐயே எடுத்துக்கொள்வேன்.

சமூக வலைத்தளங்களில் நகலெடுத்து ஒட்டும் 'ஸ்டைல் எழுத்து' இருக்கிறதே, அது எழுத்துருவே அல்ல. யூனிகோடில் கணிதத்துக்காக வைத்திருக்கும் குறியீடுகள். திரைபடிப்பான் பயன்படுத்துபவர்களுக்கு அது வார்த்தையாகக் கேட்காமல் போகலாம்.

இணையதளத்தில் போடும்போது

வோஃப் 2 என்ற இணைய எழுத்துருக் கோப்பு வடிவத்தில் போடுங்கள். முக்கியத் தலைப்புக்கான ஹெச் 1 இயல்பிலேயே போல்ட், உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கோ ஒரே ஒரு தடிமன்தான் இருக்கும், உடனே பிரவுசர் தானாக ஒரு போலி போல்ட் தயாரித்து இணைப்புகளையெல்லாம் கட்டியாக்கிவிடும். ஃபாண்ட் வெயிட்டை நார்மல் என்று எழுதிவிடுங்கள். லெட்டர் ஸ்பேசிங் மதிப்பு எதுவும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் எழுத்துகள் பிரிவது மட்டுமல்லாமல் லிகேச்சர்களையும் பிரவுசர் நிறுத்திவிடும். தலைப்பை எழுத்து எழுத்தாகத் துள்ளவைக்கும் அனிமேஷனும் இதே காரணத்தால் ஆகாது, ஒவ்வோர் எழுத்தும் தனிப் பெட்டிக்குள் போனால் பக்கத்து எழுத்து யார் என்றே எழுத்துருவுக்குத் தெரியாது. ஜியின் வால் கீழே வெட்டுப்பட்டால் சுற்றிலும் பேடிங் (பெட்டிக்குள் விடும் ஓர இடைவெளி) கூட்டுங்கள். ஒரே ஒரு தலைப்புக்காக என்றால் எழுத்துருவை ஏற்றவே வேண்டாம், நீங்கள் கையால் சரிசெய்த வடிவத்தை எஸ்விஜியாகப் போட்டு மாற்று உரை கொடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுத வேண்டுமென்றால்

மேலே சொன்ன எந்த எழுத்துருவிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. தட்டினால் கம்ப்யூட்டர் தன் வழக்கமான தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். யூனிகோடில் கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவனார்' இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் அது தூரிகையின் தடிமன் ஏற்றத்தாழ்வு உள்ள வகை இல்லை. பாமினி மாதிரி பழைய குறியீட்டில் வரும் அலங்கார எழுத்துருக்கள் அச்சுக்குப் பரவாயில்லை, இணையத்தில் போட்டால் தேடவும் முடியாது, நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பையாக வரும்.

ஆகவே இரண்டு மூன்று வார்த்தைதான் என்றால் பிரஷ் பேனாவால் எழுதி, ஸ்கேன் செய்து, இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் ட்ரேஸில் வடிவமாக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. தமிழ் எழுத்துகளை ஒட்ட முயலாதீர்கள், அவை ஒட்டாமலேயே ஓடும். வேகத்தை ழு, ரு போன்றவற்றின் கடைசி இழுப்பில் காட்டலாம், புள்ளியை வட்டமாக வைக்காமல் தூரிகை முனையால் ஒரு சாய்ந்த தட்டு தட்டினால் போதும், கையெழுத்து வந்துவிடும்.

அனுப்பும் முன்

உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள், திரையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புப் பிசிறுகள் தாளில் தெரியும். லோகோவென்றால் 2 சென்டிமீட்டர் அகலத்திலும் ஒரு பிரதி, அதில் ஓக்களின் உள்வெளி அடைபடுகிறதா என்று பாருங்கள், அடைபட்டால் சின்ன அளவுக்கென்று வாலும் கீறலும் இல்லாத இன்னொரு வடிவம் செய்து வைக்க வேண்டும். அச்சகத்துக்கு எழுத்துருக் கோப்பை அனுப்பாதீர்கள், பெரும்பாலான உரிமங்கள் அதற்கு இடம் தருவதில்லை. வடிவமாக்கிய பிடிஎஃப் மட்டும் போகட்டும், ஒதுக்கி வைத்த அந்தத் திருத்தக்கூடிய நகல் உங்களிடமே இருக்கட்டும்.